ஓடவும் இல்லை, மூடவும் இல்லை: ராவத்பாட்டா முதல் உலையும் இரண்டு காசுக் கணக்கும்

நாட்டின் அணுமின் நிலையங்கள் குறித்து நாடாளுமன்றத்தில் கேட்கப்படும் கேள்விகளுக்கு அரசு தந்துவரும் பதில்களில், உலைகளின் பட்டியலோடு ஒரு சிறு குறிப்பும் இடம்பெறுவதுண்டு. ராஜஸ்தான் அணுமின் நிலையத்தின் முதல் உலை, 100 மெகாவாட், 'நீட்டிக்கப்பட்ட நிறுத்தத்தில்' உள்ளது என்பதே அந்தக் குறிப்பு. அதைத் தொடர்ந்து இயக்குவது தொழில்நுட்ப ரீதியிலும் பொருளாதார ரீதியிலும் சரிப்பட்டு வருமா என்று மதிப்பிட்டுக் கொண்டிருக்கிறார்களாம்.

அந்த உலை நின்றது 2004 அக்டோபரில். அன்று பள்ளியில் சேர்ந்த குழந்தை இன்று கல்லூரியை முடித்து வேலைக்கே போயிருக்கும். மதிப்பீடு மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

கடந்த 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'சாந்தி' சட்டம், 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தையும் 2010ஆம் ஆண்டின் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டத்தையும் விலக்கிவிட்டு, அணுமின் உற்பத்தியில் தனியார் நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்துள்ளது. 2047க்குள் 100 கிகாவாட் என்பது அரசின் இலக்கு. இதையொட்டி நடந்த விவாதத்தில் பெரும்பகுதி விபத்து நேர்ந்தால் யார் எவ்வளவு தருவது என்பதைச் சுற்றியே இருந்தது. அது தேவையான விவாதம்தான். ஆனால் விபத்து நேரலாம், நேராமலும் போகலாம். முதுமை எல்லா உலைக்கும் வந்தே தீரும். வயதான உலையை யார் மூடுவது, யார் பிரிப்பது, அதற்கான பணம் எங்கே இருக்கிறது என்ற கேள்விகள் போதிய அளவு எழவில்லை. ராவத்பாட்டாவின் கதையைத் தெரிந்துகொண்டால் இக்கேள்விகள் எவ்வளவு அவசரமானவை என்பது விளங்கும்.

கனடா தந்த உலை

சம்பல் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட ராணா பிரதாப் சாகர் அணையின் அருகே ராவத்பாட்டா இருக்கிறது. அங்கு எழுந்த முதல் உலை கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உள்ள டக்ளஸ் பாயின்ட் உலையை மாதிரியாகக் கொண்டு, அந்நாட்டின் உதவியுடனேயே கட்டப்பட்டது. 1973 டிசம்பரில் வணிக உற்பத்தி தொடங்கியது. அடுத்த மே மாதமே பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்த, கனடா தன் உதவியை நிறுத்திக்கொண்டது. இரண்டாவது உலையை நம் பொறியாளர்கள் தாங்களே போராடிக் கட்டி முடித்தார்கள். அதைச் சாதனை என்று சொல்வதில் தவறேதும் இல்லை.

முதல் உலைதான் கடைசிவரை நோயாளியாகவே இருந்தது. உலைக் கலனின் இரு முனைகளிலும் கதிர்வீச்சைத் தடுக்க இருக்கும் கவசத்தில் 1980களின் தொடக்கத்தில் விரிசலும் கசிவும் கண்டுபிடிக்கப்பட்டன. பழுது பார்த்தார்கள், ஓட்டினார்கள், மறுபடி நின்றது. வடிவமைக்கப்பட்ட திறனில் பாதிக்கும் கீழாக, 100 மெகாவாட் என்று அதன் அளவையே குறைத்துக்கொண்டார்கள். 2004இல் நின்றபின் உள்ளே இருந்த எரிபொருள் எடுக்கப்பட்டது. அதற்கு மேல் எந்த முடிவும் இல்லை.

இதன் மூத்த சகோதரியான டக்ளஸ் பாயின்ட்டுக்கு என்ன நடந்தது? 1968இல் உற்பத்தி தொடங்கிய அதை 1984லேயே, பதினாறே ஆண்டுகளில், இனி வேண்டாம் என்று கனடா நிரந்தரமாக மூடிவிட்டது. எரிபொருளைக் கான்கிரீட் கலன்களுக்கு மாற்றி, கட்டடத்தைக் கண்காணிப்பில் வைத்தார்கள். பிரிக்கும் கட்டத்துக்குப் போக ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி கிடைத்தது 2021இல். அதுவும் வேகமான காரியமில்லைதான். ஆனாலும் 'மூடிவிட்டோம்' என்று 1984லேயே அறிவித்த காரணத்தால், அந்த நாளிலிருந்து அந்த இடம் என்னவாக இருக்கிறது, யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதில் குழப்பமில்லை. நம்மிடம் அந்த ஒரு சொல்தான் வரமாட்டேன் என்கிறது.

உலைக்கு ஏன் முதுமை வருகிறது?

பழைய பேருந்துக்கு எஞ்சின் மாற்றுவதுபோல் உலைக்கும் உறுப்புகளை மாற்றிக்கொண்டே போகலாமே என்று ஒருவர் கேட்கலாம். ஓரளவுக்கு மாற்றலாம். ராவத்பாட்டா, கல்பாக்கம் போன்ற கனநீர் உலைகளில் எரிபொருள் இருப்பது நூற்றுக்கணக்கான கிடைக்குழாய்களில். நியூட்ரான்கள் ஓயாமல் மோதுவதால் இந்தக் குழாய்கள் நாளடைவில் நீள்கின்றன, தொய்கின்றன, உலோகம் உறுதி இழக்கிறது. அவற்றை மொத்தமாகக் கழற்றிப் புதிதாகப் பொருத்த முடியும். கல்பாக்கத்தின் இரு உலைகளுக்கும் 2000களின் முதற்பாதியில் இந்தச் சிகிச்சை நடந்தது. 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது முதல் உலை இந்தப் பணிக்காகத்தான் நிறுத்தப்பட்டிருந்தது. தாராப்பூரில் 1969இல் இயங்கத் தொடங்கிய அமெரிக்க வடிவமைப்பு உலைகளோ வேறு வகை. அங்கு ஒரே பெரிய எஃகுக் கலத்துக்குள்தான் எல்லாம். குழாய்களை மாற்றலாம், கலத்தை மாற்ற வழியில்லை. அந்த இரு உலைகளின் திறன் 210 மெகாவாட்டிலிருந்து 160ஆகக் குறைக்கப்பட்டது. 2020இல் அவையும் குழாய்ப் பணிக்காக நிறுத்தப்பட்டன.

ஆயுளை நீட்டிப்பது குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. உலகெங்கும் 40 ஆண்டுக்கென்று கட்டிய உலைகளுக்கு 60 ஆண்டு உரிமம் தருகிறார்கள். கட்டிய கடன் அடைந்துவிட்ட உலை தரும் மின்சாரம் மலிவு; கரிப்புகையும் இல்லை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், நீட்டிக்கவும் முடியாமல், முடிந்தது என்று சொல்லவும் மனமில்லாமல் நிற்கும் இடத்தில் வருகிறது. மூடிவிட்டோம் என்று அறிவித்தால் அடுத்த நாளே திட்டம் எங்கே, பணம் எங்கே, காலக்கெடு எங்கே என்ற கேள்விகள் வரும். 'மதிப்பீட்டில் உள்ளது' என்றால் ஒரு கேள்வியும் வராது.

காத்திருப்பதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நின்ற உலையின் எஃகுப் பாகங்களில் கதிர்வீச்சை அதிகம் தருவது கோபால்ட் 60. ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். 50 ஆண்டு காத்திருந்தால் எழுநூறில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். அதன்பின் வெட்டிப் பிரிக்கும் தொழிலாளியின் உடலில் படும் கதிர்வீச்சு வெகுவாகக் குறையும். எனவேதான் அமெரிக்காவில்கூட, மூடிய நாளிலிருந்து 60 ஆண்டுக்குள் பணியை முடித்தால் போதும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த 50 ஆண்டில் இன்னொன்றும் குறைந்துபோகிறது. எந்தச் சுவருக்குப் பின்னால் எந்தக் குழாய் ஓடுகிறது, எந்த ஆண்டு எங்கே கசிந்தது, வரைபடத்தில் இல்லாத எந்த மாற்றத்தை அவசரத்துக்குச் செய்தார்கள் என்பதெல்லாம் அங்கே வேலை பார்த்தவர்களின் தலைக்குள் இருக்கிறது. அவர்கள் ஓய்வு பெற்று, ஊர் திரும்பி, ஒவ்வொருவராக மறைந்தும் போகிறார்கள். கோபால்ட் குறைவதற்குக் கணக்கு இருக்கிறது, இதற்குக் கணக்கில்லை. ராவத்பாட்டா முதல் உலையை 1973இல் இயக்கிவைத்தபோது 25 வயதாக இருந்த பொறியாளருக்கு இப்போது எழுபத்தெட்டு வயதாவது இருக்கும். காத்திருப்பது திட்டமிட்ட முடிவானால் இவர்களின் அறிவை முதல் ஆண்டிலேயே எழுதி வாங்கி வைப்பார்கள். முடிவே எடுக்காமல் காத்திருந்தால் அதை யார் கேட்டு வாங்குவார்?

யூனிட்டுக்கு இரண்டு காசு

இனி பணத்துக்கு வருவோம். இந்திய அணுமின் நிலையங்கள் விற்கும் மின்சாரத்தில், உலையைப் பிற்காலத்தில் பிரித்து அகற்றும் செலவுக்கென்று யூனிட்டுக்கு 2 காசு வசூலிக்கப்படுகிறது. பல பத்தாண்டுகளாக அதே இரண்டு காசுதான். தேநீரின் விலை இந்தக் காலத்தில் எத்தனை மடங்கு ஏறியிருக்கிறது என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஒரு பேச்சுக்கு 220 மெகாவாட் உலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆண்டில் 80 விழுக்காடு திறனோடு ஓடினால் சுமார் 154 கோடி யூனிட் கிடைக்கும். இரண்டு காசு வீதம் ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய் சொச்சம். 40 ஆண்டில் ஏறத்தாழ 123 கோடி. அந்தப் பணம் ஆண்டுக்கு 8 விழுக்காடு வளர்ந்ததாக வைத்தால் சுமார் 800 கோடி வரை போகும். (வட்டியைப் பற்றிய நம் நிலைப்பாடு ஒருபுறம் இருக்கட்டும், அரசின் கணக்கை அரசின் வழியிலேயே போட்டுப் பார்க்கிறோம்.) பணம் வளரும் அதே காலத்தில் கூலியும் இயந்திர விலையும் வளரும் என்பதையும் மறக்கக்கூடாது. ராவத்பாட்டா முதல் உலையின் நிலை இன்னும் மோசம். 100 மெகாவாட் உலை ஒரு நாள்கூட நிற்காமல் முழுத்திறனில் ஓடினாலும் ஆண்டுக்கு ஒன்றே முக்கால் கோடிதான் சேரும். அதுவோ ஓடிய நாளைவிட நின்ற நாளுக்குப் பெயர்பெற்ற உலை!

இதில் கை வைத்தது தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தைப் பற்றி 2012இல் வெளியான தணிக்கை அறிக்கை, அணுமின் நிலையங்களைச் செயலிழக்கச் செய்து அகற்றுவதற்கு இந்தியாவில் சட்டக் கட்டமைப்பே இல்லை என்று சொன்னது. இது தொடர்பாக வாரியத்தால் செய்யக்கூடியது வழிகாட்டு விதிகளை வெளியிடுவது மட்டுமே என்றது. அப்படி ஒரு பாதுகாப்புக் கையேட்டை வாரியம் வெளியிட்டு 13 ஆண்டுகள் கழிந்த பின்னும், 30 ஆண்டு ஓடிய நிலையங்கள் உட்பட, ஏன் நிறுத்தப்பட்டுவிட்ட நிலையம் உட்பட, எதனிடமும் அகற்றும் திட்டம் இல்லை என்பதையும் பதிவு செய்தது. சேர்த்துவைத்த நிதி போதுமா என்று பார்க்கும் பொறுப்பிலும் வாரியத்துக்கு இடமில்லை. நுகர்வோர் இரண்டு இரண்டு காசாகக் கொடுத்தது ஓர் அமானிதம். கொடுத்த நோக்கத்துக்கு அது போதுமா என்று கேட்க ஒரு ஆளும் நியமிக்கப்படவில்லை என்பதைத்தான் அந்த அறிக்கை எளிய மொழியில் சொல்கிறது.

புதிய சட்டம் வாரியத்துக்குச் சட்டபூர்வ தகுதியைக் கொடுத்திருக்கிறது. அதை வரவேற்கலாம். இந்த இரண்டு காசை மறுபரிசீலனை செய்யும் அதிகாரம் அதன் கைக்கு வருமா என்பது, இனி வரப்போகும் விதிமுறைகளில்தான் தெரியும்.

முடித்துக் காட்டியவர்கள்

பிரித்து முடிப்பது நடக்காத காரியமா என்றால், இல்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் விஸ்காசெட் என்ற சிற்றூரில் மெய்ன் யாங்கி என்ற நிலையம் இருந்தது. 1972இல் தொடங்கிய அது 1996 டிசம்பரில் கடைசியாக ஓடியது. குறைபாடுகளைச் சரிசெய்து ஓட்டுவது கட்டுப்படியாகாது என்று 1997 ஆகஸ்டில் உரிமையாளர்களே நிரந்தரமாக மூட முடிவெடுத்தார்கள். எட்டே ஆண்டில், 2005இல், கட்டடங்களைத் தரைமட்டமாக்கி இடத்தைச் சுத்தம் செய்து முடித்தார்கள். கட்ட ஆன செலவு சுமார் 23 கோடி டாலர். அகற்ற ஆன செலவு 50 கோடி டாலருக்கும் மேல்.

இன்றைய மதிப்பில் இது நான்காயிரம் கோடி ரூபாயைத் தாண்டும். அது 220 மெகாவாட்டைவிட நான்கு மடங்கு பெரிய உலை, அமெரிக்கக் கூலியும் வேறு என்று கழித்துக்கொண்டே வந்தாலும் நம் 123 கோடிக்குப் பக்கத்தில் வந்து நிற்காது.

அங்கு எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மூட முடிவெடுத்த அதே ஆண்டில் ஊர் மக்களையும் எதிர்ப்பாளர்களையும் சேர்த்து ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் எவ்வளவு கதிரியக்கம் மிஞ்சலாம் என்பதில் மத்திய அரசின் அளவைவிடக் கடுமையான அளவை மாநிலம் சட்டமாக்கியது. நிறுவனம் அதற்குக் கட்டுப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் அங்கே 64 பெரிய கலன்கள் நின்றுகொண்டிருக்கின்றன. பயன்படுத்திய எரிபொருளை 1998 முதல் எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம் போட்ட அமெரிக்க அரசுக்கு அதை வைக்க இன்றுவரை இடமில்லை. ஆயுதம் தாங்கிய காவலோடு அந்தக் கலன்களைப் பராமரிக்கும் செலவை, நீதிமன்றம் போய் அரசிடமே வாங்குகிறார்கள்.

எரிபொருளைக் கழிவாகப் பார்க்காமல் மறுசுழற்சி செய்வதே இந்தியாவின் கொள்கை. அதற்கான ஆலைகள் தாராப்பூரிலும் கல்பாக்கத்திலும் உள்ளன. ஆகவே நம் நிலை மேலானது என்று அதிகாரிகள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அமெரிக்க ஒப்பந்தத்தின் கீழ் வந்த தாராப்பூர் எரிபொருள், மறுசுழற்சிக்கு அவர்களின் சம்மதம் வேண்டுமா வேண்டாமா என்ற இழுபறியில், பயன்படுத்திய பின்னும் பல பத்தாண்டுகள் அங்கேயே சேமிப்பில் கிடந்தது.

தனியார் வரும்போது

இரண்டாவது உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. நியூயார்க் நகருக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்த இந்தியன் பாயின்ட் நிலையத்தின் கடைசி உலை 2021 ஏப்ரல் 30 அன்று நிறுத்தப்பட்டது. ஓட்டிய நிறுவனம் என்டர்ஜி. அது அடுத்த மாதமே நிலையத்தை ஹோல்டெக் என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறியது. நிலையத்தோடு சேர்த்து, அகற்றுவதற்காக நுகர்வோர் பணத்தில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த இருநூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட நிதியும் கைமாறியது. மூடிய உலையை வாங்குவது அங்கே ஒரு தொழில். நிதிக்குள் வேலையை முடித்தால் லாபம். வேகமாக, சிக்கனமாக முடித்தால் கூடுதல் லாபம். வேகம் நல்லதுதான். சிக்கனம் எந்த இடத்தில் செய்யப்படுகிறது என்பதே ஊர்க்காரர்களின் கவலை.

உலையில் மிஞ்சிய டிரிட்டியம் கலந்த நீரை ஆற்றில் விடப்போவதாக ஹோல்டெக் சொன்னபோது அந்தக் கவலை வெடித்தது. நிலையம் ஓடிய காலத்திலும் அனுமதிக்கப்பட்ட அளவில் இப்படி விட்டுவந்தது வழக்கம்தான் என்றது நிறுவனம். கரையோர ஊர்கள் ஏற்கவில்லை. 2023 ஆகஸ்டில் மாநில அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது. நிறுவனம் வழக்குப் போட்டது. கதிரியக்க வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது, மாநிலத்துக்கு அல்ல என்று 2025இல் கூட்டாட்சி நீதிபதி நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். இன்னொரு பக்கம், அந்த நிலையம் தந்துவந்த மின்சாரத்தின் இடத்தைப் பெருமளவு எரிவாயு பிடித்துக்கொண்டது; புகை கூடியது. மூடுவதே வெற்றி என்று கொண்டாடியவர்களும் யோசிக்க வேண்டிய செய்தி இது.

ஹோல்டெக் என்ற பெயரை இந்திய வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அந்நிறுவனம் வடிவமைக்கும் சிறிய உலையின் தொழில்நுட்பத்தை அதன் இந்தியக் கிளைக்கும், லார்சன் அண்ட் டூப்ரோவுக்கும், டாடா கன்சல்டிங் இன்ஜினியர்ஸுக்கும் பகிர 2025 மார்ச்சில் அமெரிக்க எரிசக்தித் துறை அனுமதி அளித்தது. நாளை நம் கடலோரங்களில் தனியார் உலைகள் வரலாம். 30, 40 ஆண்டு கழித்து அவற்றை மூடும்போது இன்று ஒப்பந்தம் போட்ட நிறுவனம் இருக்குமா, வேறு கைக்கு மாறியிருக்குமா, திவாலாகியிருக்குமா? ஜெர்மனி இதை முன்கூட்டியே யோசித்தது. 2017இல் அந்நாட்டு மின் நிறுவனங்களிடமிருந்து 2,410 கோடி யூரோவை வாங்கி ஒரு பொது நிதியத்தில் போட்டது. கழிவைப் பாதுகாக்கும் பொறுப்பை அரசு ஏற்றது. உலைகளைப் பிரிக்கும் செலவை நிறுவனங்களின் தலையிலேயே வைத்தது. கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரலில் மூடப்படுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே கழிவுக்கான பணம் அரசின் கையில் இருந்தது. தொழில் தொடங்குபவரிடம் கடைசிச் செலவை முதலிலேயே கேட்பது முதலீட்டை விரட்டிவிடும் என்று இங்கே சிலர் வாதிடக்கூடும். அந்தக் கேள்விக்கே ஓடிவிடும் முதலீட்டாளரிடம் அணு உலையை ஒப்படைப்பது எந்த அளவுக்குச் சரி?

கல்பாக்கம் வரை

ராவத்பாட்டா தூரத்தில் இருக்கிறது என்று நாம் இருந்துவிட முடியாது. கல்பாக்கத்தின் முதல் உலை 1984 ஜனவரியில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. 2018 ஜனவரியில் நின்றது. கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு வெளியிலிருந்து ஒரு வித்தியாசமும் தெரியாது. பக்கத்தில் இரண்டாவது உலை இருக்கிறது, ஆராய்ச்சி மையம் இருக்கிறது, புதிய ஈனுலை இருக்கிறது, நகரியம் பரபரப்பாகவே இருக்கிறது. அந்த முதல் உலை மறுபடி ஓடலாம். ஓடக்கூடாது என்று வாதிடுவது என் நோக்கமல்ல. ஓடப்போகிறது என்றால் எந்தச் சோதனைகளின் பேரில், எத்தனை ஆண்டுக்கு என்று சொல்லட்டும். ஓடாது என்றால் மூடப்பட்டது என்று தேதி போட்டு அறிவிக்கட்டும். 'நீட்டிக்கப்பட்ட நிறுத்தம்' என்ற மூன்றாவது அறைக்குள் இதையும் கொண்டுபோய் வைத்துவிடக்கூடாது.

நம் மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டியது சிக்கலான கேள்வியே அல்ல. கல்பாக்கம் முதல் உலையின் பெயரில் இதுவரை சேர்ந்துள்ள அகற்றும் நிதி எவ்வளவு? அதைப் பிரிக்க ஆகும் செலவாகத் துறை மதிப்பிட்டுள்ள தொகை எவ்வளவு? அகற்றும் திட்ட அறிக்கை தயாராக இருக்கிறதா, இருந்தால் செங்கல்பட்டு மாவட்ட மக்கள் அதைத் தமிழில் படிக்க முடியுமா? இதை நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கொடுத்து, அது அவையில் எடுத்துக்கொள்ளப்பட்டால், அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்லியாக வேண்டும். துணைக் கேள்வி கேட்கவும் இடமுண்டு.